எங்கள் குளியலறை போய்ச் சேர்ந்த பள்ளம்

அவர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் புதுக் குளியலறைத் தரையில் உட்கார்ந்து, டைல்ஸ் இடுக்கில் கொத்தனார் துடைக்காமல் விட்டுப்போன சிமெண்டைப் பழைய கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். பத்து நாளில் முடியும் என்று தொடங்கிய வேலை ஒரு மாதம் இழுத்திருந்தது. கேட் சத்தம் கேட்டு வெளியே போன என் கணவர் திரும்பி வந்து, "யாருன்னு தெரியல. பாப்பா கல்யாணப் பத்திரிகையைக் கையில வெச்சிருக்காங்க. நீ வா" என்றார்.

மகளின் கல்யாணம் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு ஒருவரைக் கூப்பிட விட்டுப்போனால் அது இரண்டு தலைமுறைக்குப் பேச்சாக இருக்கும். கணவர் வழியில் யாரையோ மறந்துவிட்டோம், கேட்டுவிட்டுப் போக வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கையைக் கழுவிவிட்டு ஓடினேன்.

வாசலில் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர். கிட்டத்தட்ட எங்கள் வயதுதான். அவர் வேட்டி, கட்டம்போட்ட சட்டை. அந்த அம்மாளின் கையில் ஒயர்கூடை. மொபெட்டை எதிர்வீட்டு நிழலில் நிறுத்தியிருந்தார்கள். அவர் கையில் இருந்தது எங்கள் பத்திரிகையேதான். ஓரமெல்லாம் நனைந்து உப்பிக் காய்ந்திருந்தது.

"வாங்க, உள்ள வாங்க. எந்த ஊருங்க?" என்றேன்.

"இருக்கட்டுங்க" என்றார் அவர். சூலூரைத் தாண்டி உள்ளே போகும் ஒரு ஊரின் பெயரைச் சொன்னார். அந்த ஊரில் எங்களுக்கு யாரும் கிடையாது. "பத்திரிகை இப்பத்தான் கெடச்சுதுங்க. கல்யாணத்துக்கு வர முடியல. அதான் இன்னைக்கு வந்தமுங்க."

"தபால்ல வந்துச்சுங்களா?"

"இல்லீங்க. எங்க தோட்டத்துப் பக்கம் பள்ளத்துல கெடந்துது. உங்க கக்கூஸும் அங்கதானுங்க கெடக்குது."

அவர் குரலை உயர்த்தவில்லை. கேலியாகச் சொன்ன மாதிரியும் இல்லை. பத்திரிகையை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் விளங்கிவிட்டது.

எங்கள் வீடு சிங்காநல்லூரில். கட்டி இருபத்தைந்து வருடம். மாடிக் குளியலறையிலிருந்து கீழே சமையல்கட்டுச் சுவருக்குத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. மகள் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, முடிந்து நாலு மாதம் கழித்து இடித்தோம். பழைய டைல்ஸ், சிமெண்டுக் காரை, உடைந்த செங்கல், குழாய், பெயின்ட் டப்பா, புதுச் சாமான் வந்த அட்டை, தெர்மாகோல் எல்லாம் வாசலில் மலைபோலக் குவிந்தன. இடிக்கிற சமயத்தில்தானே மற்றதையும் ஒழிக்கலாம் என்று பரணில் கிடந்ததையும் இறக்கி அந்தக் குவியலிலேயே போட்டேன். மிச்சமாகிப்போன பத்திரிகைக் கட்டு அதில் ஒன்று. கூடுதலாக அடித்தது என் மாமியார் வீட்டாருக்குப் பயந்து. தூக்கிப் போட்டது நான்தான், என் கையால்.

குவியலை என்ன செய்வது என்று கேட்டதற்குக் கொத்தனார், "நீங்க ஏங்க்கா கவலப்படறீங்க, ஆளு வருவான், அள்ளீட்டுப் போயிருவான்" என்றார். மறுநாள் ஒரு குட்டியானை வண்டி வந்தது. இரண்டு நடை அடித்தது. வாசல் சுத்தமானது. நான் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டேன். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குப்பை போய்விட்டது என்பதே எனக்குப் போதுமான செய்தியாக இருந்தது.

"நாங்க ஆளு வெச்சுத்தானுங்க எடுக்கச் சொன்னோம்" என்றார் என் கணவர். குற்றம் தன்மேல் ஒட்டிவிடக் கூடாது என்ற அவசரம் அவர் குரலில் தெரிந்தது. என் வாயிலும் அதே வாக்கியம்தான் தயாராக இருந்தது.

அந்த அம்மாள் அப்போதுதான் முதல்முறையாகப் பேசினார். "சரிங்க. எடுத்தாங்க. எங்க போடுவாங்கன்னு கேட்டீங்களாங்க?"

என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

அந்த அம்மாளின் கணவர்தான் நடந்ததைச் சொன்னார். அவர்களின் தோட்டத்தை ஒட்டி ஒரு பள்ளம் ஓடுகிறது. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் வரும் சின்ன ஓடை. அதன் குறுக்கே தரைப்பாலம். பாலத்துக்கு மேல்புறம் எங்கள் இரண்டு நடையும் கொட்டப்பட்டிருந்தது. நாலாம் நாள் மழை. வந்த தண்ணீர் காரையிலும் செங்கலிலும் முட்டி, பாலத்தின் அடித் திறப்பான கண்ணில் போக முடியாமல், பக்கத்தில் இருந்த அவர்களின் சின்ன வெங்காயக் காட்டுக்குள் ஏறிவிட்டது. பிடுங்க இன்னும் பதினைந்து நாள் இருந்த வெங்காயம். பாதிக்கு மேல் அழுகிவிட்டது.

"அதோட முடியலீங்க" என்றார் அந்த அம்மாள். "ஒரு எடத்துல ஒருத்தர் குப்ப போட்டுட்டா, அது குப்பமேடுன்னு ஆயிருதுங்க. அடுத்த வாரமே கோழிக்கழிவு கொண்டாந்து கொட்டிப்போட்டாங்க. தோலு, கொடலு, றெக்கை. அதுக்கு நாயிக வந்துருச்சு. எங்கிருந்து வந்துச்சோ, எட்டு ஒம்பது நாயி. அதுக கழிவத் தின்னு ருசி கண்டு, போன பொதங்கெழம வெடியால நேரத்துல எங்க பட்டிக்குள்ள பூந்துருச்சுங்க. ரெண்டு ஆடு போச்சு. ஒண்ணு செனை ஆடுங்க."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார்.

"நட்டம் கேக்க வரலீங்க" என்றார் அவர் கணவர். "அத எடுத்துப்போட்டீங்கன்னாப் போதும். இன்னொரு மழ வந்தா மிச்சமும் போயிருமுங்க."

"தண்ணியாவது குடிச்சுட்டுப் போங்க" என்றேன்.

"வேண்டாங்க" என்றார் அந்த அம்மாள். மொபெட் கிளம்பிப் போயிற்று. வெயிலில் வந்தவர்கள் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்காமல் எங்கள் வாசலிலிருந்து போனது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஒரு மணி நேரம் நான் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். முதலில் கணவர்மேல், வண்டி வந்தபோது அவர்தான் வாசலில் நின்றார் என்பதால். பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் சாவகாசமாகச் சொன்னார்: "அக்கா, நான் கட்டறவனுங்க. கொட்டறவன் இல்லீங்க." வண்டிக்காரரின் நம்பரை வாங்கி அவரைக் கூப்பிட்டேன்.

"அங்கதானுங்க்கா எல்லாரும் போடறாங்க" என்றார் வண்டிக்காரர்.

"அது யாரோட எடம்?"

"யாரோடதும் இல்லீங்க. பள்ளமுங்க."

போனை வைத்துவிட்டு எனக்கு அந்தக் கணவன் மனைவிமேலேகூடக் கோபம் வந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வந்தது. அந்தப் பள்ளத்தில் எத்தனை பேர் குப்பை கிடக்கிறதோ! கோழிக்கழிவு போட்டவன் பத்திரிகை அடித்துப் போடவில்லை. அவன் நிம்மதியாக இருக்கிறான். பெண்ணுக்கு ஊரறியக் கல்யாணம் செய்து, வீட்டு எண்ணும் தெருவும் போன் நம்பரும் போட்டுப் பத்திரிகை அடித்த நாங்கள் மாட்டிக்கொண்டோம். இப்படி ஒரு நியாயத்தை மனசுக்குள் கட்டிக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். செனை ஆடு என்று சொல்லித் தரையைப் பார்த்த முகம் அந்த நியாயத்தை நிற்க விடவில்லை.

மறுநாள் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தோம். திருச்சி ரோட்டை விட்டுப் பிரிந்து, கடைசியில் இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட ஒடுக்கமான வண்டித்தடம். அதை அங்கே இட்டேரி என்பார்கள். அதன் முடிவில் பள்ளம். பள்ளத்துக்குப் போவதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. கிளுவை முள்ளில் கோழி இறகுகள் ஒட்டிக்கொண்டு காற்றில் ஆடின. நாய்கள் எங்களைப் பார்த்து எழக்கூட இல்லை, கொழுத்துப்போய்ப் படுத்திருந்தன.

நடுவில் எங்கள் கக்கூஸ் பேசின் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது, இன்னும் வேலை செய்கிற மாதிரி. ரோஸ் நிறம். வீடு கட்டிய காலத்தில் வெள்ளைதான் வேண்டும் என்று அவரும் ரோஸ்தான் வேண்டும் என்று நானும் ஒரு வாரம் பேசாமல் இருந்து வாங்கியது. என் பிடிவாதத்தை எட்டு நாய்கள் சுற்றிப் படுத்துக் காவல் காத்தன. என் கணவர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சிரித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வெங்காயக் காட்டில் அழுகல் வாடை வேறு. தாள் எல்லாம் மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தது. நீர் தேங்கி வற்றிய இடத்தில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. நாங்கள் வந்ததைப் பார்த்து அந்த அம்மாள் வரப்பில் நடந்து வந்தார். வீட்டுக்குள் போய் ஒரு துணிப்பையை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். உள்ளே எங்கள் பத்திரிகைகள். எழுபது எண்பது இருக்கும். ஒவ்வொன்றாகத் துடைத்துக் காயவைத்து அடுக்கியிருந்தார்.

"புள்ளையார் படம் போட்டிருக்குதுங்க" என்றார். "கோழிக்கொடலு மேல கெடந்துது. உட்டுட்டு வர மனசு வரலீங்க."

வாங்கிக்கொண்டேன். "ஒரு வாரத்துல எடுத்தரமுங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் என்று எந்த தைரியத்தில் சொன்னேனோ! நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு புத்தகம் இடம் மாறி வைக்கப்பட்டால் அதை எடுத்து அதன் இடத்தில் வைக்க இரண்டு நிமிடம் ஆகும். குப்பைக்கும் எங்கேயோ ஒரு அலமாரி இருக்கும், கேட்டால் சொல்வார்கள் என்று நம்பி இரண்டு நாள் விடுப்புப் போட்டேன்.

முதலில் போன அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பள்ளம் எங்க எல்லைக்குள்ள இல்லீங்க மேடம்" என்றார்.

"குப்பை உங்க எல்லையில இருந்து போனதுதானுங்க."

"எல்லை தாண்டீட்டா அவுங்களோடதுங்க மேடம்."

அந்த ஊர்ப் பக்கத்து அலுவலகத்துக்குப் போனோம். "இது டவுன் குப்பைங்க. டவுன்லயே சொல்லுங்க" என்றார்கள். குப்பைக்குத் தாய்வீடு புகுந்தவீடு இரண்டுமே இல்லை என்று ஆகிவிட்டது. மூன்றாவது இடத்தில் இதற்கென்று போனில் ஒரு செயலி இருக்கிறது, படம் எடுத்துப் போடுங்கள் என்றார்கள். மறுபடியும் அவ்வளவு தூரம் போய், மூக்கைப் பொத்திக்கொண்டு நான்கு படம் எடுத்துப் போட்டேன். இரண்டாம் நாள் பதில் வந்தது: 'தங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது.' எனக்கு நம்ப முடியவில்லை. அந்த அம்மாளைக் கூப்பிட்டு, "யாராவது வந்து எடுத்தாங்களாங்க?" என்று கேட்டேன். "இல்லீங்களே. நாயிதான் இன்னும் ரெண்டு வந்துருக்குது" என்றார்.

கட்டட இடிபாட்டைக் கொண்டுபோய்ப் போட முறையான இடம் எங்கேயாவது உண்டா என்று கேட்டு இன்னொரு வரிசையில் நின்றோம். உண்டு என்றார் அங்கே இருந்தவர். ஆனால் இப்போது எடுப்பதில்லை. எப்போது எடுப்பார்கள்? தெரியாது. அவருக்கு எங்கள்மேல் இரக்கம் வந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, "எதுக்குங்க மேடம் இவ்வளவு அலையறீங்க? ரெண்டு லோடு மண்ணு போட்டு மேல மூடி உட்டுருங்க. யாருக்குத் தெரியும்?" என்றார்.

"அதுல தண்ணி வருமுங்க" என்றேன்.

"எப்பவாச்சுந்தானுங்களே வருது" என்றார்.

நான் அந்த மேசையிலேயே கத்தியிருப்பேன். என் கணவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டார். குப்பையைக் கொட்டுவதற்கு ஒரு போன்கூடத் தேவைப்படவில்லை. அதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று சொன்னவுடன் எங்களைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தார்கள். ஒரு வாரம் முடிந்து இரண்டாம் வாரமும் பாதி போயிற்று. வானம் கறுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தரைப்பாலம் ஞாபகம் வந்து எரிச்சலில் வேலையே ஓடவில்லை.

வழி அலுவலகத்திலிருந்து வரவில்லை. நூலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். அவளுடைய அண்ணன் இருகூர்ப் பக்கம் வீடு கட்டுகிறார். அஸ்திவாரம் எழுப்பியாயிற்று, உள்ளே நிரப்பக் கல்லும் காரையும் தேடிக்கொண்டிருக்கிறார் என்றாள். அவரிடம் பேசினேன். "கல்லும் காரையும் டைல்ஸும்னாக் கொண்டாந்து போடுங்க. ஒரு துண்டு பிளாஸ்டிக், ஒரு டப்பா இருந்தாலும் வண்டியத் திருப்பி அனுப்பிருவேன்" என்றார். சரியான பேச்சு. இந்தப் பேச்சை யாராவது முதலிலேயே எங்களிடம் பேசியிருக்கலாம்.

ஆக, பிரித்து எடுக்க வேண்டும். கையால். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கையுறை, காரை அள்ளத் தட்டுச்சட்டி, மண்வெட்டி, காலிச் சாக்குகளோடு போனோம். வண்டிக்காரரையும் வரச் சொல்லியிருந்தேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, வண்டியை நிறுத்தியதும் வேலையில் இறங்கினார். வெகு நேரம் கழித்து நிமிர்ந்து, "எங்க ஊருப் பள்ளத்துலயும் கோயமுத்தூர் குப்பதானுங்க்கா கெடக்குது" என்றார்.

"அப்பறம் நீங்களே எப்படிங்க இங்க போடறீங்க?"

அவர் குனிந்து அடுத்த சாக்கை எடுத்தார். நானும் விட்டுவிட்டேன். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்காத நான் அவரிடம் எதைக் கேட்பது?

பிரிப்பது என்றால் எவ்வளவு வேலை என்று செய்து பார்த்தால்தான் தெரியும். மழையில் சிமெண்டுத் தூள் இறுகிப்போய், அட்டையும் தெர்மாகோலும் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டிருந்தன. தெர்மாகோல் தொட்டால் உதிர்ந்து மணி மணியாகப் பறந்தது. அந்த வெள்ளை மணிகளைச் சேற்றிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு தண்ணீர்க் குழாய் பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும் என்பதற்காக அதைச் சுற்றி வைத்த பொருள். குழாய்க்கு இருந்த மரியாதை அந்த வெங்காயத்துக்கு இல்லை. கோழிக்கழிவின் சாறு எங்கள் குவியலுக்குள்ளும் இறங்கியிருந்தது. இரண்டு தடவை ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

தோட்டக்காரர், அந்த அம்மாளின் கணவர், முதலில் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு மேல் கடப்பாரையோடு வந்தார். "நீங்க எதுக்குங்க" என்று என் கணவர் தடுத்ததற்கு, "வெட்டியா நின்னு பாக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க" என்று சொல்லி, பாலத்துக் கண்ணில் அடைத்திருந்ததை நெம்ப ஆரம்பித்தார். ரோஸ் பேசினை என் கணவர் சம்மட்டியால் உடைத்துத் துண்டாக்கினார். தேவைக்கு அதிகமாகவே உடைத்தார் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு முடியவில்லை. அடுத்த ஞாயிறும் போனோம். நல்லவேளையாக இடையில் மழை வரவில்லை. அன்றைக்கு மதியம் அந்த அம்மாள் ஒரு தூக்குப்போசி நிறைய மோர் கொண்டுவந்து, எல்லோருக்கும் ஊற்றி, தானும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தார். "உங்க பாப்பா எந்த ஊர்லீங்க இருக்குது?" என்று கேட்டார். சொன்னேன். தன் மகன் சத்தியமங்கலத்தில் வேலையாக இருப்பதையும், இந்தத் தோட்டத்துக்கு இனி வரமாட்டேன் என்று அவன் சொல்வதையும் சொன்னார். "இந்த நாத்தத்துக்கு யாரு பொண்ணு குடுப்பாங்கன்னு கேக்கறானுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எங்கள் கல்லும் காரையும் டைல்ஸும் இருகூருக்குப் போயின. டப்பாவும் குழாயும் பழைய இரும்புக்காரரிடம் போயின. தெர்மாகோலையும் கிழிந்த சிமெண்டுச் சாக்கையும் யாரும் வாங்கவில்லை. நாலு மூட்டையாகக் கட்டி எங்கள் கார் நிறுத்தும் இடத்தில் வைத்திருக்கிறோம். இன்றைக்கும் இருக்கிறது. உறவுக்காரர்கள் வந்தால் இதென்ன மூட்டை என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முழுக்கதையும் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. கார் வெயிலில் நிற்கிறது.

கோழிக்கழிவை எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தோட்டக்காரர் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தார். வண்டி நம்பரைக் குறித்துக் கொடுங்கள், நடவடிக்கை எடுக்கிறோம் என்று ஒரு அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். நம்பர் பலகையில் சேறு பூசிக்கொண்டு வருகிறவனின் நம்பரை எப்படிக் குறிப்பது என்று அவர்கள் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒரு நாள் அந்த அம்மாள் கூப்பிட்டார். "ஏனுங்க்கா, மெத்தை ஒண்ணு கெடக்குதுங்க. நீங்க சுத்தம் பண்ணுன எடத்துலயே. கூடவே அட்டைப்பொட்டி, பழைய துணி. கூரியர் கவர் ஒண்ணு கெடச்சுது. பீளமேடு அட்ரஸ் போட்டிருக்குது. நீங்க கூட வாரீங்களா? எனக்கு அந்த அபார்ட்மெண்டுக்குள்ள எல்லாம் போய்ப் பேசத் தெரியாதுங்க."

அவர் பஸ்ஸில் சிங்காநல்லூர் வந்தார். அங்கிருந்து சேர்ந்து போனோம். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது ஒரு இளம்பெண், இடுப்பில் ஆறேழு மாதக் குழந்தை. உள்ளே இன்னும் பிரிக்காத பெட்டிகள். அப்போதுதான் குடிவந்திருக்கிறார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். தட்டிக் கழிப்பாள், கதவைச் சாத்துவாள் என்று எதிர்பார்த்துக் கோபத்தை எல்லாம் திரட்டி வைத்திருந்தேன். அவள் கவரை வாங்கிப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"சாமான் ஏத்திட்டு வந்த ஆளுங்ககிட்டதான் அக்கா குடுத்தோம். அவங்களே எடுத்துப் போட்டுடறேன்னு சொன்னாங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப எங்கதான் அக்கா போடறது? கீழ வாட்ச்மேன் வெக்கக் கூடாதுங்கறார். குப்பை வண்டியில கேட்டா மெத்தை எடுக்க மாட்டோம்னாங்க. நீங்களே சொல்லுங்க, எங்க போடறது?"

அவள் சண்டைக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். எத்தனை வரிசையில் நின்றேன், எத்தனை மேசைக்கு முன்னால் பேசினேன், அவ்வளவுக்குப் பிறகும் என்னிடம் பதில் இல்லை. கல்லும் காரையும் என்றால் இருகூர் வீட்டுக்காரரைச் சொல்லலாம். மெத்தைக்கு யாரைச் சொல்வது?

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"எங்கயோ போடு! உன்ற ஊட்டுக்குள்ளயே போட்டு வெச்சுக்க! எங்க பள்ளத்துல போடாத! என்ற ஆடு செத்துப்போச்சு, தெரியுமா உனக்கு? என்ற வெங்காயம் போச்சு! எங்க போடறதுன்னு எங்கிட்டயே வந்து கேக்கற!"

அவர் வாயிலிருந்து ஒரு 'ங்க' இல்லாமல் பேச்சு வந்து நான் அதுவரை கேட்டதில்லை. எங்கள் வாசலில் நின்று செனை ஆட்டைச் சொன்னபோதுகூட ஒவ்வொரு வாக்கியத்திலும் மரியாதை இருந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. எதிர்க்கதவு திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண், "சாரி அக்கா, சாரி, நான் அவர்கிட்ட சொல்லி எடுக்கச் சொல்றேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் கண்ணும் நிறைந்துவிட்டது.

லிஃப்டில் ஏறாமல் படியிலேயே இறங்கினோம். இரண்டாவது மாடி வந்ததும் அவர் நின்றுவிட்டார்.

"மருவாதி இல்லாமப் பேசிப்போட்டேனுங்க" என்றார். "கைக்கொழந்தக்காரி. கொழந்த பயந்துருச்சு. ஒருக்கா மேல போயி ஒரு வார்த்த சொல்லீட்டு வந்தரட்டுங்களா?"

"எதுக்குங்க? நீங்க பேசுனதுல என்ன தப்பு?" என்றேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மெத்தை போட்டவர்கள்மேலா, மெத்தையை எடுக்காத வண்டிமேலா, ஆடும் வெங்காயமும் பறிகொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்கப் படியேறப் பார்க்கும் இந்த மனுஷிமேலா என்று எனக்கே தெரியவில்லை. "வாங்க, பஸ் போயிரும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். சிங்காநல்லூரில் இறங்கி, "ஊட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றேன். வந்தார். குடித்தார். என் புதுக் குளியலறையைப் பார்க்கட்டுமா என்று கேட்டார். காட்டினேன். "வெள்ளைதான் நல்லாருக்குதுங்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு வண்டி வந்து மெத்தையை ஏற்றிக்கொண்டு போயிற்று. அந்தப் பெண் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். வண்டி எங்கே போனது என்பது தெரியாது. இந்த முறை தோட்டக்காரர் அந்த வண்டிக்காரரிடம் எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். "போற வழியில பாத்துக்கறமுங்க" என்றாராம்.

இப்போது இட்டேரி தொடங்கும் இடத்தில், பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் சேர்ந்து ஒரு இரும்புக் கேட் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். கோழிக்கழிவு கேட்டுக்கு வெளியே, தார் ரோட்டோரம் விழுகிறது. நாய்களும் அங்கே இடம் மாறிவிட்டன. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அந்த அம்மாளும் கணவரும் மிச்ச ஆடுகளை வீட்டை ஒட்டிய கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். வெங்காயம் போட்ட காட்டில் இந்த வருடம் தீவனத்துக்குச் சோளத்தட்டுதான் விதைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஏறினாலும் நட்டம் குறைவாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கூப்பிடுகிறேன், அல்லது அவர் கூப்பிடுகிறார். போன வாரம் அவர் கூப்பிட்டார். மகளைப் பற்றி விசாரித்தார், என் கால்வலியை விசாரித்தார். பிறகு, "கேட்டுக்குப் பக்கத்துல சோபா ஒண்ணு கெடக்குதுங்க. நல்லாத் தேடிப் பாத்தமுங்க. அட்ரஸ் ஒண்ணும் கெடைக்கல" என்றார்.

"பாக்கலாமுங்க" என்றேன். எதைப் பார்ப்பது என்று எனக்கும் தெரியவில்லை, அவரும் கேட்கவில்லை.